ஆர்.சி. காருக்கு பேட்டரி: ஸ்டிக்கரைப் படிக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. காருக்கான பேட்டரி பேக்குகளைக் கடையில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது 6500, 100சி என்ற பெரிய எழுத்துகள்தான். அவற்றைக் கடைசியில் பார்த்தால் போதும். காரில் பேட்டரி உட்காரும் பள்ளம், காரின் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), கையில் இருக்கும் சார்ஜர் ஆகிய மூன்றும் எதைத் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பள்ளத்தை நீளம், அகலம், உயரம் மூன்றும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 1/10 அளவுக் கார்களுக்கான கெட்டி உறை லிபோ (லித்தியம் பாலிமர் பேக்) ஏறத்தாழ 139 × 47 × 25 மி.மீ. இருக்கும். ‘ஷார்ட்டி’ எனப்படும் குட்டை பேக்கின் நீளம் 96 மி.மீ. அளவுதான். பழைய வகைச் சேசிஸ்களில் பள்ளத்தின் அடி உருண்டையாக இருக்கும். உருளை செல்களை ஒட்டிச் செய்த பேக்குக்காக வார்த்தது அது. சதுர மூலை லிபோ அதில் இறங்காது. பள்ளத்தை ராவிச் சரிசெய்யலாம் என்பார்கள். சேசிஸ் அங்கேதான் விரிசல் விடும். ஓரம் உருண்ட உறையுள்ள லிபோவும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒயர் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்து இ.எஸ்.சி. அதன் மேல் ‘2எஸ் லிபோ, 6 முதல் 7 செல் நிக்கல்’ என்பது போல எழுதியிருக்கும். நிக்கல் பேக்கில் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு செல்லுக்கு 7.2. லிபோவில் ஒரு செல் 3.7 வோல்ட், 2எஸ், அதாவது இரண்டு செல் என்றால் 7.4, முழுச் சார்ஜில் 8.4. 3எஸ் என்றால் 11.1, முழுச் சார்ஜில் 12.6. நிக்கல் மட்டும் எழுதியிருந்தால் அந்த இ.எஸ்.சி.க்கு லிபோ வேண்டாம். வோல்ட் குறையும்போது மோட்டாரை நிறுத்தும் வேலை அதற்குத் தெரியாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுப்போகும். அப்படியும் ஓட்டுவேன் என்றால் பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டும் மெல்லிய ஒயர்) செருகும் அலாரம் ஒன்றை வாங்கி 3.5 வோல்ட்டில் வையுங்கள். இரண்டு வகையும் ஏற்கும் இ.எஸ்.சி.யில் சிறிய ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் இணைப்பு) ஒன்று இருக்கும். பேக்கை மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும். லிபோ நிலையில் விட்டு நிக்கல் பேக்கைப் போட்டால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதுமே வோல்ட் சரிந்து கார் நின்றுவிடும். பேக் புதிது, பழுதாக வந்துவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஓட்டும் காருக்கு நிக்கல் போதும். அடிபட்டாலும், கடைசிவரை ஓட்டி அப்படியே வைத்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கனம் அதிகம், சும்மா வைத்தாலே சார்ஜ் குறையும் என்பவை அதன் குறைகள். பெட்டியோடு வரும் சாதாரணச் சார்ஜர்களில் பலவும் தானாக நிற்காது. 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்ப் ஹவர், அதாவது கொள்ளளவு) பேக்கை 500 மில்லி ஆம்ப்பில் ஏற்றினால் ஏழு மணி நேரம் போலக் கணக்கு வைத்துக் கழற்றிவிடுங்கள். முடிவில் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பிடிக்க முடியாத சூடு என்றால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள்.

2எஸ்ஸிலிருந்து 3எஸ்ஸுக்குத் தாவும் ஆசை எல்லோருக்கும் வரும். 3300 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு 3300 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 24,420 சுற்று, 11.1 வோல்ட்டில் 36,630. இ.எஸ்.சி. 3எஸ்ஸைத் தாங்கினாலும் பினியனில் (மோட்டார் தண்டில் உள்ள சிறிய பல்சக்கரம்) இரண்டு மூன்று பல் குறைக்காமல் ஓட்டினால் மோட்டார் அதிகமாகச் சூடேறும். ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மோட்டாரில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விநாடிகூட வைக்க முடியவில்லையென்றால் கியர் பெரிது.

இப்போது ஸ்டிக்கர். சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்ப் என்ற எண். 5000 எம்.ஏ.எச்., 50சி என்றால் 5 × 50 = 250 ஆம்ப் தரும் என்று அர்த்தம். அந்த பேக்கில் இருக்கும் எக்ஸ்.டி.60 கனெக்டரே 60 ஆம்ப்புக்குச் செய்தது! சி எண்ணை ஒரு கம்பெனியின் இரண்டு பேக்குகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். எடைதான் நம்பகமான சாட்சி. ஒரே எம்.ஏ.எச்., ஒரே செல் எண்ணிக்கை, ஆனால் ஒன்று கால் பங்கு இலேசு என்றால் அதன் எண்ணைச் சந்தேகப்படுங்கள். 18650 என்ற அளவு உருளை செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். நல்ல செல்லே 3500ஐ ஒட்டித்தான் தரும்.

ஓடும் நேரத்துக்கு எளிய கணக்கு: 5000 எம்.ஏ.எச்.சில் 80 சதவீதத்தை மட்டும் எடுத்தால் 4 ஆம்ப் ஹவர். கார் சராசரியாக 15 ஆம்ப் இழுத்தால் 16 நிமிடம். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் பெரிய பேக்கைவிட இரண்டு நடுத்தர பேக்குகள் நல்லது. இடையில் மோட்டார் ஆறவும் நேரம் கிடைக்கும்.

கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். மலிவான 7.4 வோல்ட் பொம்மைக் கார் பேக்குகளில் ஒரே கனெக்டரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவதுண்டு. ஒரு முறை தப்பாகச் செருகினால் இ.எஸ்.சி. புகையும். வெள்ளை டாமியா கனெக்டர் 15 ஆம்ப்பைத் தாண்டினால் சூடாகி இளகும், லிபோவுக்கு அது ஆகாது. எக்ஸ்.டி.60க்கு மாற்றும்போது இரண்டு ஒயரையும் ஒரே வெட்டில் நறுக்காதீர்கள். கட்டரே ஷார்ட் ஆகும். ஒன்றை வெட்டி, ஈயம் வைத்து, உறை போட்ட பிறகு அடுத்தது.

சார்ஜரில் லிபோ பேலன்ஸ் நிலை (எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் முறை) இருக்க வேண்டும். 5000 பேக்குக்கு 5 ஆம்ப், அதாவது 1சி. அதற்கு 42 வாட் தேவை என்பதால் 50 வாட் சார்ஜர் போதும். நிக்கல் நிறைந்ததும் வோல்ட் சற்றுச் சரிவதைப் பார்த்துத்தான் நிக்கல் நிலை நிற்கும். லிபோவை அந்த நிலையில் ஏற்றினால், வராத அந்தச் சரிவுக்காகச் சார்ஜர் காத்துக்கொண்டே மின்சாரத்தைத் தள்ளும். பேக் இப்படித் தீப்பிடிக்கலாம். சார்ஜ் செய்யும் இடம் டைல் தரையாக இருக்கட்டும். வெண்டி ஹவுஸின் (தோட்டத்து மரக் கொட்டகை) மரப்பலகை வேண்டாம், ஏற்றிவிட்டு வெளியே போகவும் வேண்டாம்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் கேட் மோட்டாரின் 12 வோல்ட், 7 ஆம்ப் ஹவர் பேட்டரியிலிருந்து ஏற்றலாம், சார்ஜருக்கு 12 வோல்ட் நுழைவு இருந்தால். ஆனால் அதில் மொத்தம் 84 வாட் ஹவர்தான், பாதியை வெகுவாகத் தாண்டி இறக்கினால் அதன் ஆயுள் போகும். 2எஸ் 5000 பேக் ஒன்றே, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, 44 வாட் ஹவர் கேட்கும். ஆக ஒரு பேக்குக்கு மேல் வேண்டாம், அதுவும் 2 ஆம்ப்பில் மெதுவாக. பிறகு கேட் திறக்கவில்லையென்றால் வீட்டில் திட்டு வாங்க வேண்டியதுதான்.

டர்பன் பக்கம் பெப்ரவரி வெயிலில் மூடிய காரின் டிக்கியில் பேக்கை விட்டால் உப்பிவிடும். இரண்டு மூன்று நாள் ஓட்டப்போவதில்லையென்றால் ஸ்டோரேஜ் நிலையில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் கிடப்பதுதான் பேக்குகளைக் கொல்லும் பெரிய காரணம். கடற்கரையில் ஓட்டினால் கனெக்டரில் பச்சை படியும், அன்றே துடைத்துவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் ஜூலைக் குளிர்காலக் காலையில் பிரச்சினை வேறு: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லிபோவைச் சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். கராஜில் இருந்த பேக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் போன பிறகு ஏற்றுங்கள். டர்பனிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் தனி பேக்குகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 3எஸ் 5000 பேக் 55.5தான். முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

உப்பிய பேக்கை ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்றை அதில் மாட்டி, திறந்த வெளியில், மணல் நிரப்பிய வாளிக்குள் வைத்து, பல்பு முழுதாக அணையும்வரை விடுங்கள். பிறகு ஒயரை ஒவ்வொன்றாக வெட்டி டேப் சுற்றி, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் லாரியில் நசுங்கும்போது பற்றும்.