டைனோசிஸ்ட்டுக்குப் புதுப் பெயர் சூட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைனோஃப்ளாஜெல்லேட் என்பது நீரில் வாழும் ஒற்றை உயிரணு நுண்ணுயிர். உறக்கநிலையில் அது தன்னைச் சுற்றி அமைக்கும் கெட்டியான கூடே சிஸ்ட், அதாவது டைனோசிஸ்ட். இந்தச் சிஸ்ட் புதைபடிவங்களில் முதலில் கண்ணைப் பறிப்பவை முட்கள்தாம். முள்ளின் நீளத்தையும் நுனியையும் மட்டும் நம்பிப் புதுச் சிற்றினம் என்று அறிவித்துவிடுவதே இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. லிங்குலோடினியம் மக்கேரோபோரம் என்ற சிற்றினத்தின் சிஸ்ட்டில் முள்ளின் நீளம் கடல்நீரின் உப்புத்தன்மையோடு மாறுகிறது. உப்பு குறைந்த நீரில் முட்கள் குட்டையாகிவிடும். ஒரே சிற்றினத்தின் நெட்டை, குட்டை வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டினால், பின்னால் வருபவர்கள்தான் ஒத்த பெயர்களைக் களைய வேண்டியிருக்கும்.

வகைப்பாட்டில் முதலில் தேட வேண்டியது ஆர்க்கியோபைல், அதாவது உள்ளிருந்த உயிரணு வெளியேறிய திறப்பு. 1961-இல் புதைபடிவ ஆய்வாளர் வில்லியம் எவிட் இந்தத் திறப்பையும், முட்கள் உயிரணுவின் மேலுறைத் தகடுகளின் அமைப்பைப் பின்பற்றுவதையும் சான்றாக வைத்தே, ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர் என்று அழைக்கப்பட்ட புதிரான உருண்டைகளில் பல டைனோஃப்ளாஜெல்லேட் சிஸ்ட்கள் என்று நிறுவினார்.

ஆனால் சுவரில் காணும் ஓட்டையெல்லாம் ஆர்க்கியோபைல் ஆகாது. வண்டல் அழுத்தத்தில் கிழிந்த சுவரும், உள்ளே வளர்ந்த பைரைட் கனிமப் படிகம் துளைத்த சுவரும் அப்படியே ஏமாற்றும். கிழிசல் தன் போக்கில் ஓடும், முள்ளின் அடியையும் வெட்டிச் செல்லும். ஆர்க்கியோபைலின் விளிம்போ தகட்டு எல்லையை ஒட்டிக் கோணம் கோணமாகத் திரும்பும். மாதிரிக்கு மாதிரி அதே இடத்தில், அதே வடிவில் இருக்கும். மூடி கழன்று விழாமல் இருந்தால் மெல்லிய கோடு மட்டுமே தெரியும். ஆகவே பல மாதிரிகளைப் பார்க்காமல் ‘திறப்பு இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது.

திசைக் குழப்பம் இன்னொன்று. சிஸ்ட் ஒளி ஊடுருவக் கூடியது. நுண்ணோக்கியின் குவியத்தைத் தாழ்த்தினால் மறுபக்கச் சுவர் உள்ளிருந்து தெரியும், இடம் வலம் மாறிவிடும். எந்தக் குவிய மட்டம், முதுகுப்புறமா வயிற்றுப்புறமா என்று படத்தின் கீழ் குறிக்காவிட்டால், தகட்டு வரைபடமே தலைகீழாகிவிடும்.

ஆய்வகத்தில் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்தால் பிரிகான்டெடினியம் போன்ற மெல்லிய பழுப்புச் சிஸ்ட்கள் அழிந்துபோகும். மிஞ்சியவற்றை மட்டும் எண்ணிவிட்டு, அந்தக் கடலில் அவை வாழவே இல்லை என்று எழுதுவது தவறு. பழைய பாறையிலிருந்து அடித்து வரப்பட்டு இளைய வண்டலில் கலந்த சிஸ்ட்களையும் பிரித்தறிய வேண்டும். இல்லாவிட்டால் சிற்றினத்தின் வயதே பிழையாகிவிடும்.

பெயரிடும் விதிகளையும் பலர் கோட்டைவிடுகிறார்கள். இங்கே செல்லுபடியாவது பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு. விலங்கியல் விதிகள் அல்ல. புதைபடிவச் சிற்றினத்துக்குப் படம் கட்டாயம். 1958 முதல் ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியை, சுட்ட வேண்டும். 1990 முதல் அது எந்தச் சேகரிப்பில் உள்ளது என்றும் சொல்ல வேண்டும். 1996 முதல் விளக்கம் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். ஒரே கண்ணாடித் தகட்டில் நூற்றுக்கணக்கான சிஸ்ட்கள் கிடக்கும் என்பதால், ஹோலோடைப் கிடக்கும் இடத்தைக் காட்டும் இங்கிலாந்து ஃபைண்டர் (கட்டமிட்ட அளவுகோல் கண்ணாடி) ஆயங்களையும் குறித்து வையுங்கள்.