இருவர், மூவர் சேர்ந்து கதை எழுத

சேர்ந்து எழுதும் கதைகள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது அத்தியாயத்திலேயே நின்றுபோகின்றன. கதை எங்கே போய் முடியும் என்பதில் ஆளுக்கொரு எண்ணம் இருப்பதுதான் காரணம். ஆகவே முதல் வரி எழுதுமுன் முடிவைப் பேசி, ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். பிறகு மாற்றத் தோன்றினால் எல்லோரும் சம்மதித்து மாற்றலாம். ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவரைப் பதிப்பாசிரியராக வைத்து, அவர் சொல்வதே இறுதி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாத்திரக் குறிப்பு. வயது, வேலை எல்லாம் யாரும் எழுதிவிடுவார்கள். தமிழ்க் கதையில் தையல் பிரிவது பேச்சில். ஒருவர் எழுதிய அத்தியாயத்தில் பாளையங்கோட்டைப் பெரியவர் பேரனிடம் "ஏல, எங்க போற?" என்பார், அடுத்தவர் கோவைக்காரர் என்றால் அதே பெரியவர் "எங்க கண்ணு போற?" என்று கேட்பார். அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாலு வரி வசனம் எழுதி வையுங்கள். யார் யாரை அத்தான் என்பது, மச்சான் என்பது, யாரிடம் நீ, யாரிடம் நீங்க என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒருவர் மாற்றி ஒருவர் எழுதும்போது, ஒரு முறைக்கு 600 முதல் 800 சொல், ஒரு வாரக் கெடு. சொல் இதைவிடக் குறைந்தால் கதையில் எதுவும் நடக்காது. கூடினால் அடுத்தவருக்கு இடம் இருக்காது. யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆகவேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். மற்றவர் உருவாக்கிய பாத்திரத்துக்குச் சாவு, கல்யாணம், துரோகம் எதுவானாலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

1931இல் லண்டன் டிடெக்‌ஷன் கிளப் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் எழுதியபோது, எழுதுகிறவர் மனதில் தெளிவான தீர்வு இருக்கவேண்டும், அதை அத்தியாயத்தோடு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். அருமையான விதி. நீங்களும் உங்கள் பகுதியோடு, 'இந்தச் சாவியை இதற்காக வைத்தேன்' என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். விட்ட முடிச்சு அவிழாமல் கிடப்பது பாதி குறையும்.

எழுத்து ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில், யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் பேசலாம், கதையை ஒட்ட வேண்டாம்: எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் போகும். அடுத்தவர் வரியில் கைவைக்காமல், டாக்ஸின் பரிந்துரை (Suggesting) முறையில் மட்டும் திருத்துங்கள்.

முடிந்ததும் இரண்டு வாரம் ஆறப்போட்டு, ஒரே ஆள் முழுவதையும் வாய்விட்டுப் படித்துச் செப்பனிடவேண்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் பத்தியும் பெரும்பாலும் முன்கதைச் சுருக்கமாகவே இருக்கும். தயங்காமல் வெட்டுங்கள்.

வெளியிடுமுன் பெயர் வரிசையையும் பணப் பங்கையும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள். யார் எழுதியது எது என்று பிரிக்க முடியாத படைப்பை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பாகவே கொள்கிறது. அதன் உரிமை, கடைசியாக இறக்கும் ஆசிரியருக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும்.