நந்தன் ஒன்பது மணிக்குள் சிதம்பரம் போகவேண்டும்

போன மாதம் ஒரு கோயில் மண்டபத்தில் இளம் பாகவதர் ஒருவர் நந்தனார் சரித்திரத்தைப் பாட்டும் வசனமுமாகக் காலட்சேபம் செய்தார். ஒரு மணி நேரம் ஆகியும் நந்தன் ஆதனூரை விட்டுக் கிளம்பவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 20 வருஷத்துக்கு முன் நான் பண்ணிய அதே கூத்து! சுருதி விலகுவது, அடி மறப்பது எல்லாம் பாடப் பாடச் சரியாகிவிடும், அதை விடுங்கள். கதை சொல்பவர்கள் செய்யும் வேறு தப்புகளைச் சொல்கிறேன்.

உபகதையில் குடித்தனம் பண்ணுவது

நிரூபணத்துக்கு, அதாவது முக்கியக் கதைக்கு, நடுவே கிளைக்கதை வேண்டியதுதான். ஆனால் சபை ஒருமுறை சிரித்துவிட்டால் நமக்குத் தலைகால் புரியாது. அன்று எனக்கு ஏழு முதல் ஒன்பது வரை நேரம். 40 வேலியும் அறுவடையானால்தான் சிதம்பரம் போகலாம் என்று நந்தனின் பண்ணையாரான வேதியர் சொல்லும் இடத்தில், ஒரு கஞ்ச மிராசுதார் கதையை எடுத்துவிட்டேன். சிரித்தார்கள். இன்னொரு மிராசுதார் வந்தார். அப்புறம் அவர் மாப்பிள்ளை. கடிகாரத்தைப் பார்த்தால் எட்டே முக்கால்!

40 வேலியும் ஒரே இரவில் அறுவடையானது இரண்டே வாக்கியத்தில். மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' என்று நின்று உருகவேண்டிய இடத்தில் பல்லவியோடு ஓட்டம். ஒன்பதுக்கு தீபாராதனை மணி அடித்தபோது நந்தன் இன்னும் தீக்குளிக்கவில்லை. 'நாளைப் போவேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். சுண்டல் வாங்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "திருநாளைப்போவார் நந்தனா, நீயா தம்பி?"

இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான். சீதா கல்யாணத்தில் தாலி கட்டாமல் யாராவது மங்களம் பாடுவார்களா? இப்போதெல்லாம் முடிவைத்தான் முதலில் பாடம் பண்ணுகிறேன். கடைசி அரைமணி அதற்கு. யார் சிரித்தாலும் தொடமாட்டேன். நான் வழி தவறினால் எனக்குத் துணையாகப் பாடும் பின்பாட்டுக்காரர் தொண்டையைச் செருமுவார். சில நாள் இரண்டு முறை செருமவேண்டியிருக்கிறது.

சாகி, திண்டியைக் கச்சேரியாக்குவது

மராட்டியக் கீர்த்தனக்காரர்களின் இந்த மெட்டுகளைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் காலட்சேபத்தில் சேர்த்தார். கதை ஓடுவதற்கான மெட்டு. அதில் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் எதற்கு?

வேதியரைச் சேக்கிழார் தலையில் கட்டுவது

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த வேதியர் கிடையாது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் கொண்டுவந்த ஆள்.

பின்பாட்டுக்குச் சொல்லாமல் பாட்டை எடுப்பது

அவர் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

தாளத்துக்கான சிப்ளாக் கட்டையைத் தட்டிக்கொண்டே வசனம்

வேண்டாம்.