ரோமானியன் டெட்லிஃப்ட்: முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியப் பழகுவது எப்படி?

வார இறுதியில் ஓடுகிறவர்களும் ஷட்டில், ஃபுட்பால் ஆடுகிறவர்களும் கால் பயிற்சி என்றால் ஸ்குவாட்டோடு (உட்கார்ந்து எழும் பயிற்சி) முடித்துக்கொள்கிறார்கள். முன்தொடை நன்றாகத் தேறிவிடும். வேகமெடுத்து ஓடும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும் பின்தொடையை யாரும் கவனிப்பதில்லை. அதற்கு என் முதல் தேர்வு ரோமானியன் டெட்லிஃப்ட்: கையில் எடையைப் பிடித்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் பயிற்சி. (1984 ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாட் செய்துகாட்டியதால் வந்த பெயர் என்பார்கள்.)

வார்ம்-அப் முடித்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. சுவர்

எடையைத் தொடவே வேண்டாம். சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். கால்கள் இடுப்பகலம், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். இப்போது பின்பக்கத்தால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிறதா? அரையடி முன்னால் நகர்ந்து மறுபடி செய்யுங்கள்.

நான் அதிக நாள் மாட்டிக்கொண்டு நின்றது இந்த இடத்தில்தான். "குனி" என்றால் உடம்பு தலையைத்தான் கீழே கொண்டுபோகிறது, முதுகும் கூடவே வளைகிறது. "உட்கார்" என்றால் முழங்கால் முன்னே போய் அது ஸ்குவாட் ஆகிவிடுகிறது. இரண்டும் வேண்டாம். இடுப்பு பின்னால் போகிறது, அதனால் மார்பு தானாகத் தாழ்கிறது. வரிசை அதுதான். கைகள் இரண்டிலும் சாமான் இருக்கும்போது கார் கதவைப் பின்பக்கத்தால் இடித்துச் சாத்துவோமே, அதே அசைவு.

சரியாகச் செய்தால் பின்தொடை இழுக்கும். இழுப்பு கீழ்முதுகில் தெரிந்தால் இன்னும் முதுகைத்தான் வளைக்கிறீர்கள்.

2. குச்சி

நீளமான குச்சி ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் அது ஒட்டியிருக்க வேண்டும். எவ்வளவு ஆழம் குனியும்போது ஏதாவது ஓரிடத்தில் குச்சி விட்டுப்போகிறதோ, அந்த ஆழத்துக்குச் சற்று மேலேயே உங்கள் எல்லை. அதற்குக் கீழே இப்போதைக்குப் போகாதீர்கள். எடை தரையைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே போனாலே போதும்.

3. எடை

இரண்டு டம்பெல்லில் ஆரம்பியுங்கள். முழு அளவு பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) வெறுமனே 20 கிலோ இருக்கும், அது பிறகு. நின்ற நிலையில் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குங்கள். டம்பெல்கள் தொடையை உரசியபடி இறங்க வேண்டும். உடம்பைவிட்டு முன்னே விலக விலக, கீழ்முதுகுக்குச் சுமை கூடும். இறங்க மூன்று விநாடி எடுங்கள். ஏறும்போது பாதத்தால் தரையை அழுத்தி இடுப்பை முன்னே கொண்டுவந்து நேராக நில்லுங்கள். உச்சியில் பின்னால் சாய வேண்டாம்.

4. எவ்வளவு?

ஒருமுறை குனிந்து நிமிர்வது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் ஒரு செட். 3 செட், செட்டுக்கு 8 ரெப், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு ரெப் செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். ரெப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று செட்டிலும் 12 வந்ததும் அடுத்த எடைக்குப் போய், மறுபடி 8-இல் தொடங்குங்கள். வாரம் இருமுறை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் கண்டிப்பாக வேண்டாம். இந்தப் பயிற்சியின் தசைவலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

சாதனம் பற்றி: மெத்தென்ற ஓட்டக் காலணி இதற்கு ஆகாது. தட்டையான அடிப்பாகம் அல்லது வெறுங்கால். கையுறை பிடியைத் தடிமனாக்கும், எனக்குப் பிடிக்காது. கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடர் போதும். கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவதைவிட, போனைப் பக்கவாட்டில் வைத்துப் படமெடுங்கள்.

பின்சேர்க்கை: "பின்தொடை களைக்கும் முன்பே விரல் விட்டுவிடுகிறது" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கடைசி செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் (மணிக்கட்டை எடையின் பிடியோடு சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் பிடியும் பலப்படட்டும்.

இன்னொன்று: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்காமல், ஏறும்போது வெளியே விடுங்கள். எடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலுக்குள் மின்சாரம்போல வலி இறங்கினால் அது தசைவலி அல்ல, அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.