விளங்காமல் சொல்லும் ‘ஓம் அண்ணா’

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளோடு சில வருடங்களாக வேலை செய்கிறேன். கோட் எழுதத் தெரியாமல் நின்றவர்கள் குறைவு. விளங்காத விசயத்துக்கு ‘ஓம் அண்ணா’ என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் தனியே கிடந்து மாய்ந்தவர்கள்தான் அதிகம்.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உயர்தரம் வரைக்கும் ரியூசன், பழைய வினாத்தாள். அங்கே எந்தக் கேள்விக்கும் விடை முன்னமே ஒருவர் கையில் இருந்தது. எழும்பிக் கேட்டால் படிக்காமல் வந்தவன் என்று பேர். வேலையில், வேலையைத் தந்தவருக்கே முழுதும் தெரியாது. நீங்கள் கேட்கக் கேட்கத்தான் அவருக்கும் தெளியும்.

ஒரு பதிவுப் படிவம் செய்தோம். அடையாள அட்டை இலக்கம் சரியா என்று பார்க்கும் பகுதியைப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எழுதினார். தன்னுடைய அட்டையைப் பார்த்தார், 12 இலக்கம், அப்படியே எழுதி முடித்தார். 2016க்கு முந்திய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். அவருடைய அம்மாவாலேயே அதில் பதிந்திருக்க முடியாது. ‘பழைய அட்டைக்காரரும் வருவினமா அண்ணா?’ என்று கேட்க அரை நிமிடம் போதும்.

இப்படியான இடங்களில் கேட்பது மட்டுமல்ல, தெரிந்ததைச் சொல்வதும் உங்கள் வேலை. வடிவமைப்பை வெளிநாட்டில் இருந்து ஒருவர் அனுப்பியிருப்பார். முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டி. எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதுவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மகளுக்குப் போகவேண்டிய மின்னஞ்சல் தகப்பன் பெயரை விளித்துப் போகும். தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் யாழ்ப்பாணத்து 021 இன் முன் பூச்சியம் காணாமல் போகும். நேரமும் அப்படித்தான். 1996 இல் இலங்கை நேரத்தை மாற்றினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி உலகப் பொதுநேரத்தை (UTC) விட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு வந்தது. பொதுநேரத்தோடு கையால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டி எழுதிய கோட் அந்தக் காலத்துப் பதிவுகளைப் பிழையான நேரத்தில் காட்டும். நேரவலயத் தரவு உள்ள நூலகத்தை, அதாவது முன்னமே எழுதி வைத்த கோட் தொகுப்பை (library), பாவியுங்கள். இவற்றில் ஒன்றைக் கூட்டத்தில் வாய்திறந்து சொன்ன பிள்ளையை ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

கேட்கிற விதத்திலும் பிழை விடுகிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணாவுக்குக் காலையிலேயே ‘ஹாய் அண்ணா’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. கோடைகாலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் 1.30. அவர் ‘சொல்லும்’ என்று பதில் போடும்போது நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள், அன்றைய நாள் போச்சு. என்ன செய்ய வெளிக்கிட்டேன், எவற்றை முயன்று பார்த்தேன், என்ன பிழைச்செய்தி வந்தது, எங்கே சந்தேகம், எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். பிழைச்செய்தியைப் படமாக எடுக்காமல் எழுத்தாக ஒட்டுங்கள், அவரால் தேடிப்பார்க்க முடியும்.

அதற்கு முதல் அந்தச் செய்தியை நீங்கள் வாசித்திருக்க வேண்டும். சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் திரையை மூடுகிற பிள்ளைகள் உண்டு. பைதன் என்ற நிரல்மொழியில் என்ன பிழை என்பது பெரும்பாலும் கடைசி வரியில் கிடக்கும். அரை மணித்தியாலம் தனியே முயலுங்கள், அதற்குமேல் கேளுங்கள்.

சாட்ஜிபிடி தந்த கோட் துண்டை ஒட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று: வரிவரியாக விளக்கிச் சொல்ல முடியாத கோட் எதையும் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் தரவைச் சாட்ஜிபிடிக்குள் போடவே கூடாது.

கடைசியாக, நான் விட்ட பிழை. முதல் வருடம் கடவுச்சொல் மாதிரியான ஒரு இரகசியச் சாவியைக் கோட் கோப்புக்குள் வைத்தே, கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஏற்றிவிட்டேன். பதறி அந்த வரியை அழித்து, அந்த மாற்றத்தையும் இன்னொரு பதிவாக (கொமிட்) போட்டு, எல்லாம் சரி என்று நினைத்தேன். அழித்த வரியும் கிட்டின் வரலாற்றில் அப்படியே இருக்கும், யாரும் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே சொல்லி, அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியதை எடுப்பது. இது தெரிந்த பிறகும் சொல்லப் பயமாக இருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் குழுத் தலைவருக்கு அழைப்பெடுத்தேன். அவர் ஏசவில்லை. ‘எத்தினை மணிக்கு ஏத்தினீர்?’ என்று மட்டும் கேட்டார். மத்தியானம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்.