நிறுவைக் கணக்கைப் பாட்டாகக் கட்டுவது எப்படி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து வேதனையைப் பாட வருகிறவர்கள் பெரும்பாலும் "கண்ணீர்", "இரத்தம்" என்றே தொடங்குகிறார்கள். கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு அது ஒட்டாது. அவள் வயிறெரிவது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசுக்கு முன்னால். அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் கணக்கு. காலை, பகல், அந்தி என்று ஒரு நாளின் நிறுவைகளைக் கேட்டு எழுதுங்கள். ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், சாக்குக்கு எவ்வளவு, முத்தல் இலைக்கு எவ்வளவு? முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் கூலிக்கு, எத்தனை கிலோ? பல தோட்டங்களில் 18. இடத்துக்கு இடம் மாறும். எல்லாவற்றையும் பாட்டில் திணிக்காதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒரு குறை போதும்:

கொட்டுற மழையில கொழுந்தெடுத்தேன் இருவது கிலோ
கட்டுன கணக்குல காணலையே மூணு கிலோ

"கொட்டுற", "கட்டுன" என்ற எதுகைதான் இரண்டடியையும் சேர்த்துப் பிடிக்கிறது. எழுத்தில்லாமல், தேயிலைச் செடிகளின் நிரைக்கு நிரை, வாய்வழியே தாவ வேண்டிய பாட்டுக்கு அது கட்டாயம். பேச்சு வழக்கை மாற்றாதீர்கள். "இருபது" என்று திருத்தினால் பாட்டு மேடைக்குப் போய்விடும்.

மெட்டுக்குத் தெம்மாங்கும் தாலாட்டும் நல்லவை. பழகிய சினிமா மெட்டும் ஆகும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாலேயே நியாயம் கேட்டவர். மெட்டுக்குள் சொல்லை அடைக்கும்போது கெடுவது ஒரே இடத்தில்தான்: நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் சொல் சிதையும். "கழிவு" என்பதை இழுத்துப் பாருங்கள், "காழிவு" ஆகிவிடும். அங்கே "கழிச்சாங்க" என்று போட்டு, "சா"வை நீளும் இடத்தில் உட்கார வையுங்கள்.

யாரை நோக்கிப் பாடுவது? கங்காணி காதில் விழும் தூரத்தில் சொல்ல முடியாததைத் தொட்டில் பிள்ளையிடம் சொல்லலாம். தாலாட்டுக்கு அந்த வலிமை உண்டு. கணக்கப்பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் பாட்டும் செத்துவிடும், கழிவு மட்டும் இருக்கும்.

எண் பழசாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அதை அடைக்கிற தோட்டத்துக்கு அவரை மாற்றிவிடும் "துண்டு" முறை 1921இல் ஒழிந்தது. அது ஒரு பாட்டில் வந்தால், அந்தக் கடன் எந்தக் காலத்தது என்று உடனே தெரியும். 2021இல் வர்த்தமானியில் வந்த "ஆயிரம் ரூபா" நாட்சம்பளமும் நாளை அப்படித்தான் நிற்கும்.

கடைசியில் தப்பு, பாட்டுக்கு அடிக்கிற தோல் பறை. நுவரெலியாப் பக்கத்துப் பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். வைக்கோல் நெருப்பில், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காய்ச்சுங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் கருகி வெடிக்கும். அடி கணீரென்று வந்ததும் பாட்டைத் தொடங்கலாம். "மூணு கிலோ" வரும்போது மட்டும் குச்சியை நிறுத்திவிடுங்கள். அந்த எண் தனியாகக் கேட்க வேண்டும்.