சக விசுவாசியின் அழைப்பைத் தாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரையுள்ள ஊர்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என எல்லாச் சபைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் மாமியார் ஒரு சபைக்கும் மருமகள் வேறொரு சபைக்கும் போவது இங்கே சாதாரணம். ஒற்றுமை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அடுத்தவரின் அழைப்புக்கு, அதாவது கர்த்தர் அவருக்குக் கொடுத்த வேலைக்கு, தோள்கொடுப்பதற்குப் பதிலாக, அவரை நம் வேலைக்கு ஆளாக்கப் பார்க்கிறோம். உரசல் தொடங்குவது அங்கேதான்.

மேடையில் நிற்பதை மட்டும் அழைப்பாக எண்ணுவது மிகப் பரவலான தவறு. யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெசலெயேல் பொன், வெள்ளி, மரவேலை செய்த கைவினைஞர். நம் மண்ணின் வரலாறும் அதையே காட்டுகிறது. நெய்யூரில் மருத்துவ ஊழியம் 1838-இல் தொடங்கியது. 1920-களில் மார்த்தாண்டத்துக்கு வந்த ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வழியாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொழிலில் இன்றும் எத்தனையோ வீடுகள் பிழைக்கின்றன.

வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்து அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். அவரும் அனுப்பப்படுகிறவர்தான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சபை நடுவில் நிறுத்தி, அவர் பார்க்கப்போகும் வேலைக்காகவே ஜெபியுங்கள். அங்கே தமிழிலோ மலையாளத்திலோ ஆராதனை நடக்கும் இடத்தை முன்னதாகவே விசாரித்துக் கொடுங்கள். இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் கூட்டிப்போக ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பணத்தால் தாங்கும்போது நடக்கும் தவறு, கணக்கில்லாமல் வாக்குக் கொடுப்பது. பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் ஒன்றிரண்டு தரம் உதவி அனுப்பினார்கள் (பிலிப்பியர் 4:16). அவர் ஊழியம் செய்தது இன்னொரு ஊரில், இன்னொரு சபைக்காக. அந்த மனம் நமக்கும் வேண்டும். வடநாட்டில் ஊழியம் செய்கிறவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மாதம் எவ்வளவு குறைகிறது, எந்தச் செலவுக்கு, எத்தனை மாதத்துக்கு. பத்துப் பேர் 500 ரூபாய் வீதம் போட்டால் 5,000. ஒருவர் பொறுப்பேற்று மாதம் 5-ஆம் தேதிக்குள் வங்கியில் செலுத்த வேண்டும்.

இது பெரும்பாலும் இடையில் நின்றுபோவதற்குக் காரணம் மனமில்லாமை அல்ல, ரப்பர். இங்கே பலருக்கு வருமானம் அதிலிருந்துதான். ஜூன், ஜூலை மழையில் பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பாலெடுப்பது) தடைபடும். இலை உதிர்ந்த பிறகும் சில வாரம் வெட்டு நிற்கும். கொடுப்பவர் கையில் அப்போது காசிருக்காது. பால் நன்றாக இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் இரண்டு மாதத் தொகையைக் கூடுதலாகச் சேர்த்து ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஓர் ஆண்டுக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்; நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் அடிபடுவது அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

வெளிநாட்டு உறவினரிடம் கேட்கும்போதும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் பணம் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக்கூடாது.

அடுத்தது ஐக்கிய ஜெபக் கூட்டங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். நம் பகுதியில் கூட்டம் வைக்க அது ஏற்ற சமயம். வேறு தேதி என்றால் முதலில் மற்றச் சபைகளின் நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பர் 3-இல் நிறைவடையும் கோட்டாறு சவேரியார் திருவிழாவின்போது கூட்டம் வைத்துவிட்டு, கத்தோலிக்கர் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை. இரவு எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன்னே தோட்டத்தில் நிற்க வேண்டும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு பாதி ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்றும் மறு பாதி ‘விண்ணுலகில் இருக்கிற’ என்றும் தொடங்கித் தடுமாறாமல் இருக்க, எது என்று முடிவுசெய்து தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

அந்தக் கூட்டத்தில் திருவிருந்தை வைக்காதீர்கள். நற்கருணை என்றும் சொல்லப்படும் அதைப் பற்றிய நெறி சபைக்குச் சபை வேறு. ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்தும் அப்படித்தான். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று மேடையில் பூசி மெழுகுவதும் உதவாது, ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. தென்னிந்தியத் திருச்சபைக்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. சபைகள் இணைந்தது 1947 செப்டம்பர் 27-இல். பேராயர் பதவியைப் பற்றிய கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் பேசித் தீர்க்க 28 ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஐக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களின் போன் எண்களை வாங்கி மறுவாரமே நம் சபைக்கு அழைப்பது நம்பிக்கைத் துரோகம். யாராவது ஆலோசனை கேட்டால், அவருடைய போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கூட்டிப்போங்கள். ஒருவர் போதனையில் பிழை தெரிந்தால் வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், முழுமையாக அறியாமல் போதித்த அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26).

கடைசியாக, பிரிந்துபோகிறவரை நடத்தும் விதம். பாடகர் குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ பல காலம் உழைத்தவர், மலைக்கிராமப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறேன் என்கிறார். உடனே ‘சபையை விட்டுவிட்டார்’ என்று பேச்சு கிளம்பும். பவுலும் பர்னபாவும், முன்பு ஊழியத்தை இடையில் விட்டுப்போன மாற்கு காரணமாகக் கடுமையாகப் பிணங்கிப் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கைவிடவில்லை, பிற்காலத்தில் பவுலே அவரைக் கூட்டிவரச் சொல்லி எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). போகிறவரோடு மூன்று மாதத்துக்கு ஓர் ஒப்படைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மாதம் புதியவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், இரண்டாம் மாதம் இருவரும் சேர்ந்து நடத்தட்டும், மூன்றாம் மாதம் புதியவர் தனியாக நடத்தட்டும். பாட்டுப் புத்தகங்கள், வருகைப் பதிவேடு, அலமாரிச் சாவி, கையிருப்புக் கணக்கு எல்லாவற்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, போதகர் முன்னிலையில் மாற்ற வேண்டும். கணக்கு சுத்தமாக இருந்தால், பின்னால் அவரைப் பற்றி யாரும் பழி பேச இடமிருக்காது.